வாலில்லாச் சுட்டெலி

சிங்கப்பூர்த் தீவின் வடகரையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் ஊர் செம்பவாங். அது ஒரு மரத்தின் பெயர். ஆனால் அந்த ஊரை ஊராக்கிய மரம் அதுவன்று. நீங்களும் உங்கள் பெற்றோரும் நன்கு அறிந்த பால்மரம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. புக்கிட் செம்பவாங் ரப்பர்க் கம்பெனியை லிம் நீ சூன் என்ற சீனச் செல்வர் நிர்வகித்து வந்தார். அருகிலுள்ள யீஷூன் நகரத்தின் பெயர்கூட அவர் பெயரைச் சீனப் பொதுமொழியில் உச்சரித்ததால் வந்ததுதான்.

பிறகு பிரிட்டிஷ் அரசு அந்தக் கரையில் ஒரு பெரிய கடற்படைத் தளத்தைக் கட்டியது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து, காட்டை அழித்து, ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள உலர்துறை ஒன்றையும் அமைத்து, 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் திறந்து வைத்தார்கள். அந்தத் தளத்தில் வேலை செய்யத் தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சாலைகளுக்குக் கான்பரா, வெல்லிங்டன், மான்ட்ரியால் என்று பேரரசின் ஊர்ப்பெயர்கள் சூட்டப்பட்டன. கான்பரா சாலைப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் முருகனை வழிபடத் தொடங்கியவர்களும் அந்தத் தளத்துத் தொழிலாளர்களே. அதுவே இன்று யீஷூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். பங்குனி உத்திரக் காவடிக்குப் பெயர் பெற்றது.

தோட்டமும் போய், தளமும் போய், இன்று செம்பவாங் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரம். அந்த வீடுகளில் பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறியில் பாடம் படிக்கும்போது கையடியில் வழவழப்பான ஒரு பொருளை வைத்து நகர்த்துவதைக் காணலாம். அதற்குக் கம்பி இல்லை. பொத்தான் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதுகின்மேல் விரலால் இலேசாக நீவினால் திரையில் பக்கம் நகர்கிறது. தொட்டால் உணரும் கம்பியில்லாச் சுட்டெலி அது. ஆங்கிலத்தில் மவுஸ் என்பார்கள். உங்கள் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இதைக் கண்டிருப்பார்கள்; சிலர் வீட்டுக்கே கொண்டு வந்திருப்பார்கள். இந்தச் சிறிய பொருள் எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது, உழைத்துக் காய்த்துப்போன கைகளுக்கு இது வசப்படுமா என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் இதன் வேலை என்ன? ஒரு பெரிய படத்தின் முன்னே நிற்கிறீர்கள். அதில் ஓரிடத்தை மற்றவருக்குக் காட்ட வேண்டுமானால் விரலை நீட்டிச் சுட்டுகிறீர்கள். கணிப்பொறித் திரையிலும் அப்படிச் சுட்ட வேண்டியிருக்கிறது. நம் விரலுக்குப் பதிலாகத் திரைக்குள்ளே ஒரு சிறிய அம்புக்குறி இருக்கிறது. மேசைமேல் நாம் கையை நகர்த்தினால், அந்த அம்பும் அதே திசையில் நகர்கிறது. வேண்டிய இடத்தில் நிறுத்தி அழுத்தினால், “இதைத் திற” என்றோ “இதை எடு” என்றோ கணிப்பொறி புரிந்துகொள்கிறது. அவ்வளவுதான்.

இந்தச் சுட்டும் கருவியின் வேர் ஒரு கடற்படையில் இருக்கிறது. அதுவும் செம்பவாங்கில் தளம் வைத்திருந்த அதே பிரிட்டிஷ் கடற்படையில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் என்ற கருவி புழக்கத்துக்கு வந்தது. தொலைவில் வரும் விமானங்கள் அதன் திரையில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். எந்தப் புள்ளி எங்கே போகிறது என்று கணக்கிட, முதலில் அந்தப் புள்ளியைச் சுட்டிக் காட்ட வேண்டும். கைப்பிடித் தண்டு ஒன்றைச் சாய்த்துச் சாய்த்து அதைச் செய்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த ரால்ஃப் பெஞ்சமின் என்ற இளம் யூதப் பொறியாளருக்கு அது திருப்தியளிக்கவில்லை. 1946இல் அவர் ஒரு மாற்றுவழி கண்டார். உலோக உருண்டை ஒன்றை உள்ளங்கையால் உருட்டினால், அது இரண்டு சிறு சக்கரங்களைச் சுழற்றும். சக்கரங்களின் சுழற்சியைக் கொண்டு திரைக்குறி நகரும். அந்தச் சக்கரங்களுக்கு ரப்பர் பூசியிருந்தார்கள்; உருண்டை வழுக்காமல் இருக்க வேண்டுமல்லவா?

மறு ஆண்டு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கடற்படை அதை இராணுவ இரகசியமாகப் பூட்டி வைத்துவிட்டது. மாதிரிக்கு ஒன்று செய்ததோடு சரி; கப்பல்களில் ஏறிய ஏற்பாட்டில் பழைய கைப்பிடித் தண்டே இருந்தது. அந்த ஏற்பாட்டைத் தாங்கிய விக்டோரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1960களில் சிங்கப்பூர்த் தளத்துக்கு வந்து போனதுண்டு. கப்பலின் துருவைச் சுரண்டி வண்ணம் பூசிய தொழிலாளர்களுக்கு உள்ளே என்ன இருந்தது என்று யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

கனடாவின் கடற்படைக்காக 1952இல் மூன்று பொறியாளர்கள் இதே எண்ணத்தைத் தனியே கண்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது என்ன தெரியுமா? அந்நாட்டார் ஓடவிட்டு விளையாடும் பந்து ஒன்று. கடைத்தெருவில் வாங்கக்கூடிய பொருள். பெரிய கண்டுபிடிப்புகளில் பல இப்படி வீட்டுச் சாமான்களிலிருந்தே தொடங்கியிருக்கின்றன. இன்னும் ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற இளைஞர் 1945இல் அமெரிக்கக் கடற்படையின் ரேடார் பணியாளராகப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே லெய்ட்டே தீவில், நம் மலாய்க் கம்பத்து வீடுகளைப் போலக் கால்கள்மேல் நின்ற ஒரு குடிசையில் செஞ்சிலுவைச் சங்கம் படிப்பகம் ஒன்று வைத்திருந்தது. அதில் அவர் ஒரு கட்டுரையைப் படித்தார். மனிதன் சேர்த்துவைத்த அறிவு மலைபோல் குவிந்துவிட்டது. அதில் வேண்டியதைத் தேடி எடுக்க இயந்திரம் துணை செய்ய வேண்டும் என்று வேனிவர் புஷ் என்ற அறிஞர் அதில் எழுதியிருந்தார். அந்த எண்ணம் எங்கெல்பார்ட்டை விட்டு அகலவில்லை.

அக்காலத்தில் கணிப்பொறி என்பது அறை நிறைய நிற்கும் இயந்திரம். அட்டைகளில் துளையிட்டு உள்ளே கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். எங்கெல்பார்ட் வேறுவிதமாக நினைத்தார். மனிதன் திரைமுன் அமர்ந்து, எழுத்தையும் படத்தையும் கையால் எடுத்து வைப்பதுபோல் வேலை செய்ய வேண்டும். இயந்திரம் மனிதனுடைய அறிவைப் பெருக்க வேண்டும். மனிதனை ஓரங்கட்டக் கூடாது. 1962இல் இதை ஓர் அறிக்கையாகவே எழுதினார்.

திரையில் சுட்டுவது எப்படி என்ற கேள்விக்கு அவருக்கு விடை தந்தது நில அளவைக்காரர்களின் கருவி ஒன்று. பிளானிமீட்டர் என்பது அதன் பெயர். நிலப்படத்தின் எல்லைக்கோட்டை ஒட்டி அதை நகர்த்தினால், அதிலுள்ள சிறு சக்கரம் சுழன்று நிலத்தின் பரப்பைச் சொல்லும். அதுபோல இரண்டு சக்கரங்கள் வைத்து, ஒன்று குறுக்கு நகர்வையும் மற்றொன்று நெடுக்கு நகர்வையும் அளந்தால் என்ன என்று அவர் எண்ணினார். அவருடைய தோழர் பில் இங்கிலிஷ் 1964இல் அதைச் செய்து முடித்தார். கைக்கடக்கமான ஒரு மரக்கட்டை, அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள், மேலே ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். பின்னாலிருந்து ஒரு கம்பி வந்தது. வால் நீட்டிக் கிடந்த அதைப் பார்த்து யாரோ எலி என்றார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

இது மட்டுமே வழி என்று அவர்கள் முடிவுகட்டிவிடவில்லை. ஒளிப்பேனா, கைப்பிடித் தண்டு முதலிய பலவற்றை வைத்துப் போட்டி நடத்தினார்கள். மேசைக்கு அடியில் முழங்காலால் தள்ளும் கருவிகூட இருந்தது. பழகியவர்கள் கையில் சுட்டெலி சிறப்பாக வேலை செய்தது. பழகாத புதியவர்களுக்கோ ஒளிப்பேனாவும் முழங்கால் கருவியும் எளிதாயிருந்தன என்று 1967இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களே எழுதினார்கள். முதல்முறை சுட்டெலியைப் பிடிக்கும்போது அம்பு கண்டபடி ஓடுகிறதே என்று கூச்சப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். அதைச் செய்தவர்கள் கண்டதும் அதுவே.

1968ஆம் ஆண்டுக்கு வருகிறோம். அந்த ஆண்டு ஜனவரியில், 1971க்குள் சிங்கப்பூரை விட்டுப் படைகளை விலக்கிக்கொள்வோம் என்று பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் அறிவித்தார். விடுதலை பெற்று மூன்றாண்டுகூட நிறையாத நாடு அது. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங்கில் வீட்டுக்கு வீடு ஒரே கவலை. குடியுரிமை பெற்றவர்கள் வேறு தொழில் பழக வேண்டும்; பெறாதவர்கள் பலர் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டியிருந்தது. அதே காலத்தில் உங்கள் தோட்டங்களிலும் துண்டாடலும் வேலை அனுமதிச் சட்டமும் என்னென்ன செய்தன என்பது மலேசிய நேயர்களுக்குத் தெரியும். ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் செய்ததை மலைநாட்டு நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் செம்பவாங் கப்பல் பட்டறை ஒரே ஒரு வெள்ளி விலைக்குச் சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறியது. செம்பவாங் ஷிப்யார்ட் என்ற நிறுவனம் அதை ஏற்று நடத்தியது.

அதே டிசம்பர் மாதம் 9ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சுமார் 1,000 பேர் கூடிய மன்றத்தில் எங்கெல்பார்ட் மேடையேறினார். வலக்கையில் சுட்டெலி, முன்னால் பெரிய திரை. 90 நிமிடங்கள் அவர் எழுத்தைத் திருத்தியும், பட்டியலை மாற்றியும், சுமார் 30 மைல் தொலைவிலிருந்த தம் தோழரின் முகத்தைத் திரையிலேயே காட்டி அவரோடு பேசியும் செய்துகாட்டினார். பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே மாதத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் செம்பவாங்கில் கம்மியர்களும் கூலியாள்களும் நாளை எந்த வேலை என்று தவித்த நாளில், நாளைய வேலை எப்படியிருக்கும் என்பதை வேறொரு கடற்கரையில் ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார் என்பதை என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஜெர்மனியில் டெலிபங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த ரைனர் மாலப்ரைன் என்பவரும் அதே 1968இல் உருண்டையுள்ள சுட்டெலி ஒன்றைத் தனியே உருவாக்கியிருந்தார். மேசையில் புதைத்த உருண்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சுட்டெலி என்பது அவர் கண்ட சூத்திரம். ஒரே காலத்தில் பலருக்கு ஒரே யோசனை தோன்றுவது விஞ்ஞானத்தில் புதிதன்று.

எங்கெல்பார்ட்டுக்கு என்ன கிடைத்தது? 1970 நவம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் அது அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்கே உரியது. அந்நிலையம் ஆப்பிள் கம்பெனிக்கு ஏறத்தாழ 40,000 டாலருக்கு உரிமம் கொடுத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். உலகம் முழுவதும் சுட்டெலி பரவத் தொடங்கிய 1987இல் காப்புரிமைக் காலமே முடிந்துவிட்டது. விற்ற கோடிக்கணக்கான சுட்டெலிகளில் ஒன்றுக்குக்கூட அவருக்குப் பங்குப்பணம் வரவில்லை. பால் வெட்டியவனுக்கும் ரப்பர் விலைக்கும் உள்ள தூரத்தை அறிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1997இல் அவருக்கு 5 லட்சம் டாலர் பரிசு ஒன்றும், கணிப்பொறி உலகின் மிக உயர்ந்த டூரிங் விருதும் கிடைத்தன. 2013இல் காலமானார்.

மரக்கட்டைச் சுட்டெலி கடைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீராக்ஸ் நிறுவனம் 1973இல் தன் ஆராய்ச்சிக் கணிப்பொறியில் அதைச் சேர்த்தது. விலையோ கொள்ளை விலை. சாதாரண மக்கள் வாங்கத்தக்க மலிவான ஒன்று வேண்டும் என்று ஆப்பிள் கேட்டபோது, டீன் ஹவி என்ற வடிவமைப்பாளர் கடைக்குப் போய் அக்குளில் தடவும் வாசனைக் குப்பியும் வெண்ணெய்க் கிண்ணமும் வாங்கி வந்தார். குப்பியின் வாயிலிருந்த உருண்டையைக் கிண்ணத்துக்குள் வைத்து முதல் மாதிரியைச் செய்தார். முன்பு சொன்ன வீட்டுச் சாமான் இதுதான். 1983இல் லிசா, 1984இல் மேக்கிண்டாஷ் என்னும் கணிப்பொறிகளோடு அது வீடுகளுக்குள் நுழைந்தது. அந்நாளைய சுட்டெலிகளின் வயிற்றில் ரப்பர் போர்த்திய எஃகு உருண்டை ஒன்று இருந்தது. அந்த ரப்பரெல்லாம் நம் மரத்துப் பால்தான் என்று பெருமை பேச முடியாது; செயற்கை ரப்பரும் நிறைய உண்டு. ஆனால் உருண்டையில் அழுக்கு ஏறி உள்ளே சக்கரங்களில் அப்பிக்கொள்ளும்போது, ஒட்டுப்பாலைச் சுரண்டி எடுப்பதுபோல நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது!

சிங்கப்பூர் இதற்குள் மாறிக்கொண்டிருந்தது. ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் 1970இல் அங்கே தொழிற்சாலை தொடங்கியது. கணிப்பொறியின் நினைவகத்துக்காகக் கடுகளவு காந்த வளையங்களை மெல்லிய கம்பியில் கோப்பது முதல் வேலை. பூக்கட்டும் விரல்களுக்குப் பொருத்தமான வேலை அது. ஆப்பிள் 1981இல் அங் மோ கியோவில் தொழிற்சாலை திறந்தது. அதே ஆண்டு அரசாங்கம் தேசியக் கணிப்பொறி வாரியத்தை அமைத்தது. கப்பல் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள்.

உருண்டைக்கு முடிவு கட்டியது ஒளி. ஹியூலெட் பேக்கர்டின் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, அதிலிருந்து 1999இல் பிரிந்த அஜிலென்ட் நிறுவனம் செய்த ஒரு சிறு சில்லு, மைக்ரோசாஃப்டின் புதிய சுட்டெலியில் இடம்பெற்றது. அடியில் சிவப்பு விளக்கு ஒன்று எரியும். மேசையின் மேற்பரப்பை அந்தச் சில்லு நொடிக்கு 1,500 முறை படம் பிடிக்கும். முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டு, கை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடும். அந்தச் சில்லுப் பிரிவு 2005 இறுதியில் அவாகோ என்ற தனி நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் எங்கே அமைந்தது? செம்பவாங்குக்கு அடுத்த வீடான யீஷூனில், ஏழாம் அவென்யூவில். நீ சூனின் பெயர் தாங்கிய நகரத்தில், கடற்படைத் தொழிலாளர்களின் முருகன் கோவில் இடம்பெயர்ந்து போன அதே வட்டாரத்தில், உலகத்துச் சுட்டெலிகளுக்குக் கண் கொடுத்த கம்பெனி இருந்தது.

இனிக் கம்பிக்கு வருவோம். மின்கம்பி நீருக்கடியில் போக வேண்டுமானால் ஈரம் புகாத உறை தேவை. அந்த உறையை உலகுக்குக் கொடுத்ததும் இந்த மண்தான். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த மான்ட்கோமரி, மலாய்க் காட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து வரும் கட்டாபெர்ச்சா என்ற பொருளை 1843இல் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். அதைப் போர்த்திய கம்பி 1851இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. 1870-71இல் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடிக் கம்பியால் இணைந்தன. சஞ்சிக் கூலிகளாக மக்கள் கப்பலில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்த அதே கடலின் அடியில் துரைமாரின் செய்தி மின்னலாய் ஓடியது. பாவம், கட்டாபெர்ச்சா மரங்கள்! சீவிப் பால் எடுக்கும் முறை அவற்றுக்கு ஒத்துவரவில்லை. வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள். காடு அழிந்தது. பால்மரத்தைக் கொல்லாமல் சீவும் முறையைச் சிங்கப்பூர்ப் பூமலையில் ரிட்லி செம்மைப்படுத்தியது பிறகு வந்த கதை.

கம்பியையே நீக்கிவிட்டால் என்ன? சுவிட்சர்லாந்தில் 1981இல் தோன்றிய லாஜிடெக் நிறுவனம் 1984இல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் பேசும் சுட்டெலியைச் செய்தது. நடுவில் ஒரு தேநீர்க் கோப்பை இருந்தாலும் அதன் பேச்சு தடைப்படும். 1991இல் அதே நிறுவனம் வானொலி அலையைப் பயன்படுத்தியது; தடை நீங்கியது. பின்னர் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய புளூடூத் என்ற முறை எல்லாருக்கும் பொதுவாயிற்று. இதில் மாயம் எதுவும் இல்லை, நேயர்களே. சிங்கப்பூரின் ஒலி 96.8 நிலையத்தின் அலை நொடிக்கு 9 கோடியே 68 லட்சம் முறை அதிர்கிறது. கம்பியில்லாச் சுட்டெலியின் அலை நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கிறது. நிலையம் தீவு முழுவதற்கும் கேட்கப் பேசுகிறது. சுட்டெலி அறைக்குள்ளே கிசுகிசுக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

தொடு உணர்வின் தொடக்கமும் ரேடாரில்தான். இங்கிலாந்தில் மால்வர்ன் என்ற ஊரில் இருந்த அரச ரேடார் ஆய்வுக்கூடத்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பவர், விரல் பட்டால் உணரும் திரையைப் பற்றி 1965இல் எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்காக அவர் எண்ணியது அது. நம் உடம்பில் நீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் அதில் ஓரளவு பாயும். மேற்பரப்புக்கு அடியில் மிக மெல்லிய மின்வாய்களைப் பின்னல்போல் பரப்பி, அவற்றில் சிறிதளவு மின்னூட்டம் ஏற்றி வைக்கிறார்கள். விரல் நெருங்கியதும் அந்த மின்னூட்டத்தின் நிலை சற்றே மாறுகிறது. எங்கே மாறியது என்பதைச் சில்லு கண்டுகொள்கிறது. நமக்கு மின்சாரம் தாக்குவதில்லை, அவ்வளவு நுண்ணியது. இந்த உணர்வைச் சுட்டெலியின் முதுகு முழுவதிலும் போர்த்தி, 2009 அக்டோபரில் ஆப்பிள் மேஜிக் மவுஸ் என்பதை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டும் லாஜிடெக்கும் 2012க்குள் தத்தம் தொடுசுட்டெலிகளைக் கொண்டுவந்தன.

பயன்படுத்துவது எப்படி? உள்ளங்கையை அதன்மேல் அழுத்திச் சாய்க்காதீர்கள். கட்டைவிரலும் மோதிரவிரலும் இரு பக்கமும் பிடிக்க, சுட்டுவிரலும் நடுவிரலும் முதுகின்மேல் இலேசாக இருக்கட்டும். அம்பை நகர்த்தச் சுட்டெலியையே நகர்த்துங்கள். பக்கத்தை மேலும் கீழும் ஓட்ட, சுட்டெலியை அசைக்காமல் ஒரு விரலால் முதுகை நீவுங்கள். அடுத்த பக்கம் போக விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஒன்றைத் திறக்க, கிளிக் என்னும் ஒலி கேட்கும்படி அழுத்துங்கள். முதல்முறை மட்டும், கணிப்பொறியின் புளூடூத் பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்து இணைத்துவிட வேண்டும். அம்பு மிக வேகமாக ஓடினால் அமைப்புப் பகுதியில் வேகத்தைக் குறைக்கலாம். நடுங்கும் கையுடைய பெரியவர்களுக்கு இது முக்கியம்.

இந்தச் சுட்டும் முறையால் நம்மவர்க்கு நேர்ந்த நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். சுட்டெலி வருவதற்கு முன் கணிப்பொறிக்கு ஆணையிட ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றித் தட்ட வேண்டும். ஒரு எழுத்து தவறினாலும் இயந்திரம் மறுத்துவிடும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்களுக்குக் கதவு மூடியே கிடந்தது. படத்தைச் சுட்டினால் போதும் என்றானபோது அந்தக் கதவு சற்றுத் திறந்தது. திரைக்குள் தமிழ் வந்தபோது நன்றாகவே திறந்தது. அந்தப் பணியில் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் பெயர் மறக்கக்கூடாதது. 1995இல் அவர் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. சுட்டி, சுட்டெலி, சொடுக்கி என்று தமிழில் பல பெயர்கள் இதற்கு வழங்குகின்றன. வால் போன பிறகும் எலி என்பானேன் என்று சிலர் சுட்டி என்பதையே விரும்புகிறார்கள். எனக்கென்னவோ சுட்டெலிதான் பிடித்திருக்கிறது.

ஆனால் தொடுசுட்டெலியில் ஒரு குறை உண்டு. அது தோலை எதிர்பார்க்கிறது. அதுவும் சிறிது ஈரமுள்ள மெல்லிய தோலை. உளி பிடித்தும், கொழுந்து கிள்ளியும், மண்வெட்டி பிடித்தும் காய்த்துப்போன விரலைச் சில வேளை அது அறிவதில்லை. காய்ப்பு உலர்ந்த தோல். மின்னூட்டத்தின் மாறுதல் சில்லுக்கு எட்டாமற்போகிறது. பால் காய்ந்து ரப்பர்ப் படலமாக ஒட்டியிருந்தாலும், ரப்பர்க் கையுறை போட்டிருந்தாலும் அப்படியே. இதைக் கண்டு, “எனக்கு இதெல்லாம் வராது” என்று எழுந்துபோன பெரியவர்கள் பலர். பிழை அவர்கள் கையில் இல்லை. அலுவலக மேசையில் வளர்ந்த கருவி அது. வெளிக்காட்டு வேலை செய்த விரல் அதன் கணக்கில் வரவில்லை.

பரிகாரம் எளிது. வேலை முடிந்து கையை வெந்நீரில் கழுவி, துடைத்து, சற்று ஈரம் இருக்கும்போதே முயலுங்கள். நுனியை விட்டு விரலின் சதைப் பகுதியால் நீவுங்கள். சுட்டுவிரல் காய்த்திருந்தால் நடுவிரலையோ மோதிரவிரலையோ பயன்படுத்துங்கள்; கருவிக்கு எல்லா விரலும் ஒன்றே. அப்படியும் இணங்காவிட்டால், பொத்தானும் உருளையும் உள்ள சாதாரணச் சுட்டெலி மலிவாகக் கிடைக்கிறது. அதற்குக் காய்ப்பைப் பற்றிக் கவலையில்லை, அழுத்தினால் அழுந்தும். பிள்ளைகள் புதிது வேண்டும் என்று அடம் பிடித்தாலும், பெரியவர்களுக்கும் பொதுவான ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு செய்தி. கம்பியில்லாச் சுட்டெலிக்கு மின்கலம் வேண்டும். சிலவற்றில் கடையில் வாங்கும் மின்கலத்தைப் போடலாம். சிலவற்றில் மின்னேற்ற வேண்டும். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் 2015 முதல் மின்னேற்றும் துளை வயிற்றுப் பக்கத்தில் இருக்கிறது. மல்லாக்கப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது வேலை செய்ய முடியாது. 2024இல் துளையின் வடிவத்தை மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை! ஆதலால் இரவு படுக்கப் போகும்முன் மின்னேற்றத்தில் வைத்துவிடுங்கள். நெடுநாள் பயன்படுத்தப் போவதில்லையென்றால் அடியிலுள்ள சிறு விசையைத் தள்ளி அணைத்து வையுங்கள்.